வீட்டு டே கேர் ஃபீஸ்: மாதக் கட்டணமா, மணிக்கணக்கா, அரை நாள் ரேட்டா, நாள் கணக்கா?

"பக்கத்துத் தெருவுல ஏழாயிரம் வாங்குறாங்க. நான் ஆறாயிரத்து ஐநூறு வெச்சா வருவாங்கள்லக்கா?" வீட்டில் டே கேர் ஆரம்பிக்கப்போகும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான். பக்கத்துத் தெருக்காரருக்கு அது சொந்த வீடாக இருக்கலாம். சமையலை மாமியார் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குச் சம்பளம் கிடையாது. அந்த ஏழாயிரத்துக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று தெரியாமல் அதில் ஐநூறைக் கழிப்பதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே நடத்துகிறவர்களின் குழப்பம் வேறு. மாதத்துக்கு ஒரே தொகையாக வாங்குவதா, மணிக்கணக்கா, அரை நாள் – முழு நாள் என்று பிரிப்பதா, வருகிற நாளுக்கு மட்டும் வாங்குவதா? சென்னைப் புறநகரில், ஐடி வேலைக்குப் போகும் வீடுகளை நம்பி, வாடகை வீட்டில் நடக்கும் எட்டுக் குழந்தை டே கேர் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த நான்கு வழிகளையும் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

## செலவுக் கணக்கு

மாதச் செலவு, ஒரு குழந்தை வந்தாலும் எட்டுக் குழந்தை வந்தாலும் மாறாதது:

- ஆயா சம்பளம் 12,000
- மதியம் மட்டும் வரும் உதவியாள் 5,000
- இருவருக்கும் தீபாவளி போனஸுக்காக ஒதுக்குவது 1,500
- வீட்டு வாடகையில் ஹாலும் ஓர் அறையும், அதாவது பாதி: 9,000
- கரண்ட் 2,500
- வாட்டர் கேன், கேஸ், ஃபினாயில், டிஷ்யூ 3,000
- பாய், பொம்மை தேய்மானம் 1,000

மொத்தம் 34,000. இதில் கரண்டைக் குறைத்துப் போடாதீர்கள். குழந்தைகள் மதியம் தூங்க ஏசி ஓடினால் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டுவது சுலபம். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள அடுக்கின் ரேட்டும் ஏறிவிடும்.

அடுத்து, பலரும் எழுதாமல் விடும் வரி: உங்கள் சம்பளம். "மிஞ்சுறதுதான் என் சம்பளம்" என்று சொல்லும் டே கேர்களில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இங்கே 26,000 என்று வைப்போம். ஆக 60,000. இதற்கு மேல் பால், ஸ்நாக்ஸ், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துக் குழந்தைக்கு 1,000.

எட்டால் வகுத்தால் 7,500, சாப்பாட்டோடு 8,500. இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்கு சறுக்குகிறது. எட்டு இடமும் வருஷம் முழுக்க நிரம்பியிருப்பதில்லை. ஒருவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போவார், ஒரு வீட்டுக்கு ஊரிலிருந்து பாட்டி வந்துவிடுவார், ஒரு குழந்தை ஸ்கூலில் சேர்ந்துவிடும். சராசரியாக ஆறு பேர் என்று வைத்துப் பாருங்கள். 8,500 வீதம் ஆறு பேரிடம் 51,000 வரும். சாப்பாடு 6,000, செலவு 34,000 போனால் உங்கள் கைக்கு 11,000. ஆயாவுக்கு 12,000.

ஆகவே வகுக்க வேண்டியது ஆறால்: 10,000, சாப்பாட்டோடு 11,000. இனி வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த 11,000தான் அடிப்படை. உங்கள் ஏரியாவில் இந்தத் தொகை வராது என்றால் செலவைக் குறைக்க வேண்டும், அல்லது இடத்தைக் கூட்ட வேண்டும். ஃபீஸைக் குறைப்பது கடைசியில்.

இடத்தைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. அலுவலகக் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், அதற்கு மேலே இருபதுக்கு ஒருவர், கூட ஓர் உதவியாளர் என்று இருக்கிறது. வீட்டு டே கேருக்கு அந்த எண்ணே அதிகம். ஒரு வயதுக்குக் கீழே மூன்று பேர் இருந்தால் ஓர் ஆளின் இரண்டு கையும் அதிலேயே போய்விடும். கைக்குழந்தைக்கு நான் எப்போதும் முப்பது சதவீதம் கூடுதலாகவே சொல்வேன்; யாரும் அதற்காகச் சண்டை பிடித்ததில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியாக இருந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். ஒன்றாம் தேதி ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்கும்போது பணம் கையில் இருக்குமா? குழந்தை வராத நாளின் நஷ்டம் யார் தலையில்? நாளைக்கு எத்தனை பேர் என்று இன்றைக்கே தெரியுமா? மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க எவ்வளவு நேரம் போகும்? பெற்றோரோடு வாக்குவாதம் எங்கே வரும்? ஐந்திலும் முதல் மூன்றுக்குத்தான் எடை அதிகம்.

## மாதக் கட்டணம்

ஒன்பது மணி முதல் ஆறு மணி வரை, திங்கள் முதல் வெள்ளி, வந்தாலும் வராவிட்டாலும் 11,000. ஐந்தாம் தேதிக்குள் ஜிபே.

முதல் மூன்று கேள்விக்கும் இது நன்றாகப் பதில் சொல்கிறது. குழந்தை வராத நாளிலும் வாடகை ஓடுகிறது, ஆயா வந்துதான் ஆகிறார். பெற்றோர் பிடித்து வைத்திருப்பது ஓர் இடத்தை. ஸ்கூல் வேன்காரர் மே மாதத்துக்கும் சேர்த்து வாங்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை, டே கேர் என்றால் மட்டும் "பத்து நாள் ஊருக்குப் போயிட்டோம்க்கா, பாதி போதும்ல?" என்று வரும். சேர்க்கும் அன்றே எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள்.

இதன் மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மொத்தமாகக் காசு கட்டிவிட்டோம் என்ற எண்ணத்தில் உடம்பு சரியில்லாத குழந்தையையும் அனுப்புவார்கள். காலை எட்டு மணிக்கு பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பினால் உங்கள் வாசலில் விடும்போது குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டரைக்கு உடம்பு கொதிக்கும். அம்மாவுக்கு போன் போட்டால் மீட்டிங்கில் இருப்பார். வாயிலும் கையிலும் கொப்புளம் வரும் வகைக் காய்ச்சல் என்றால் அடுத்த வாரம் நான்கு குழந்தைக்கு வந்திருக்கும், ஐந்தாவதாக ஆயாவுக்கு. எனவே மாதக் கட்டணம் வாங்குகிறவர்கள் காய்ச்சலுக்கு ஒரு விதி வைத்தே ஆக வேண்டும்: மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் அனுமதி, டாக்டர் சீட்டோடு ஐந்து நாளுக்கு மேல் வராவிட்டால் அத்தனை நாளுக்கும் சாப்பாட்டுக் காசு திரும்ப. அது சின்னத் தொகைதான். ஆனாலும் அனுப்பாமல் வைத்துக்கொள்ள அது ஒரு காரணமாகிறது.

இரண்டாவது ஓட்டை, மே மாதம். குழந்தையைத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு "ஜூன்ல திரும்பச் சேர்த்துக்கறோம்" என்பார்கள். முழு மாதமும் வராவிட்டால் பாதிக் கட்டணம் கட்டி இடத்தை வைத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் என்று சொல்லுங்கள். மூன்று பேர் அப்படிப் போனால் 16,500 குறையும், சாப்பாட்டில் 3,000 மிச்சமாகும். ஆறால் வகுத்திருப்பதால் எட்டுப் பேர் இருந்த மாதங்கள் இதை ஈடுகட்டிவிடும்.

மூன்றாவது, சொல்லாமல் நிறுத்துவது. சேரும்போதே ஒரு மாத அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாள் முன்னதாகச் சொன்னால் கடைசி மாதத்தில் கழித்துக்கொள்ளலாம்.

யாருக்கு ஏற்றது: தினமும் அலுவலகம் போகும் பெற்றோர், ஒன்றரை வயது முதல் மூன்று வயதுக் குழந்தைகள். அலுவலகம் டே கேர் செலவைத் திருப்பித் தருகிறது என்று பில் கேட்பவர்களுக்கும் இதுதான் வசதி. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்று மகப்பேறு சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்ததிலிருந்து சில நிறுவனங்கள் வெளி டே கேருக்குப் பணம் தருகின்றன. அவர்களின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மாதம் ஒரே தொகை, ஒரே ரசீது இருந்தால் போதும்.

## மணிக்கணக்கு

கேட்கும்போது ரொம்ப நியாயமாக இருக்கும்: இருந்த நேரத்துக்குக் காசு. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மீதி நாள் வீட்டில் லேப்டாப் என்று ஆன பிறகு இதைக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒன்பது மணி நேரம், 22 நாள், மொத்தம் 198 மணி. 11,000-ஐ வகுத்தால் மணிக்குச் சுமார் 56 ரூபாய். "சரி, அறுபது" என்று சொன்னால் மாட்டிக்கொண்டீர்கள். தினம் நான்கு மணி நேரம் மட்டும் வரும் குழந்தை 88 மணிக்கு 5,280 கட்டும். மீதி ஐந்து மணி நேரம் அந்த இடத்தை யாருக்கும் தர முடியாது. பத்தரைக்கு வந்து இரண்டரைக்குப் போகும் குழந்தைக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டுகிற மாதிரி இன்னொரு குழந்தை கிடைப்பது அபூர்வம். மணிக்கணக்கில் வாங்குவதென்றால் 100-க்குக் குறையாமல், குறைந்தது மூன்று மணி நேரம் என்று வைத்தால்தான் கட்டுப்படியாகும். 100 என்றதும் பெற்றோர் மனக்கணக்காக 198-ஆல் பெருக்கிப் பார்த்து "இருபதாயிரமா!" என்பார்கள். மணிக்கணக்கின் சங்கடம் இதுதான்: நமக்குக் கட்டுப்படியாகும் விலை அவர்களுக்கு அநியாயமாகத் தெரியும், அவர்களுக்கு நியாயமாகத் தெரியும் விலை நம் கையைக் கடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. மீட்டர் ஓடுகிறது என்று தெரிந்த பெற்றோர் நிமிஷத்தை எண்ணுவார்கள். நோட்டில் நீங்கள் 9.10 என்று எழுதியிருப்பீர்கள், அவர் 9.20-க்குத்தான் விட்டேன் என்பார். பத்து ரூபாய்க்காக ஒரு நல்ல உறவு கசக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுப்பித் தூக்கிப்போவார்கள். அதன் சத்தத்தில் மீதிப் பேரும் எழுவார்கள்.

எனக்கு இது பிடிக்காத முறை என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் உங்களிடம் ஆயாவே இல்லை, சொந்த வீடு, உங்கள் குழந்தையோடு இன்னும் இரண்டு பேரை மட்டும் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் மாறாத செலவு மிகக் குறைவு. அப்போது மணிக்கணக்கு தாராளமாகச் சரி. ஒரே அபார்ட்மெண்டுக்குள், தெரிந்த வீடுகளுக்கு மட்டும் என்றாலும் சரி.

## அரை நாள் – முழு நாள்

ஒன்பது முதல் ஒன்று வரை ஒரு ரேட், ஒன்று முதல் ஆறு வரை ஒரு ரேட், முழு நாள் தனி. காலையில் சின்னக் குழந்தை, மதியம் எல்கேஜி, யுகேஜி முடித்து வேனில் வந்து இறங்கும் குழந்தை. ஓர் இடத்தை இரண்டு முறை விற்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

அரை நாள் என்றதும் பாதி விலை, 5,500 என்று சொல்லிவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரம் இரண்டு பேருக்கும் பொது; வேலை அதிகமான நேரமும் அதுதான். வாசலில் வேன் ஹாரன் அடிக்கும். இறங்கிய பையனுக்கு ஷூ, சாக்ஸ், யூனிஃபார்ம் கழற்ற வேண்டும், பசி வேறு. காலைக் குழந்தை பையை மாட்டிக்கொண்டு அம்மாவைத் தேடிக் கதவருகே நிற்கும்; அம்மா இன்னும் வந்திருக்க மாட்டார். அப்போதுதான் தூங்க வைத்த கைக்குழந்தை காலிங் பெல்லுக்கு எழுந்துவிடும். மதியம் மட்டும் வரும் அந்த 5,000 ரூபாய் உதவியாள் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். ஆகவே அரை நாளுக்கு முழு நாள் கட்டணத்தில் அறுபது முதல் அறுபத்தைந்து சதவீதம், அதாவது 7,000.

இப்போது பாருங்கள். ஐந்து முழு நாள், ஓர் இடத்தில் இரண்டு அரை நாள் என்றால் வரவு 69,000. ஆறும் முழு நாள் என்றால் 66,000. கூடுதலாக 3,000, அதில் ஏழாவது வாய்க்கு 1,000 போனால் மிஞ்சுவது 2,000. இரண்டு பெற்றோர், இரண்டு வாட்ஸ்அப் பேச்சு, வேன் நேரம் என்ற கூடுதல் தலைவலிக்கு 2,000 அவ்வளவு பெரிய தொகையில்லை. முழு நாள் குழந்தைக்குப் பதிலாக அரை நாள் குழந்தையைச் சேர்க்காதீர்கள். ஆறு முழு நாள் இடம் நிரம்பிய பிறகு சும்மா கிடக்கும் ஏழாவது, எட்டாவது இடத்தில் சேர்த்தால் ஒவ்வொருவரிடமும் 6,000 அப்படியே நிற்கும். அரை நாள் ரேட்டின் லாபம் அங்கேதான்.

இதன் மறைமுகச் செலவு ஸ்கூல் லீவில் வெளியே வரும். காலாண்டு, அரையாண்டு விடுமுறை, மே மாதம், மழை லீவு. மதியம் ஒன்றுக்கு வர வேண்டிய குழந்தை காலை ஒன்பதுக்கே வாசலில் நிற்கும். மழை லீவு காலை ஏழு மணிக்கு டிவியில்தான் தெரியும். "அதே ஃபீஸ்தானேக்கா?" என்பார்கள். ஸ்கூல் லீவு நாளில் முழு நாள் இருந்தால் நாளுக்கு 250 கூடுதல், மே மாதத்துக்கு முழு நாள் கட்டணம் என்று சேர்க்கும்போதே எழுதிவிடுங்கள். சேர்த்த பிறகு சொன்னால் அது வசூலாகாது.

## நாள் கணக்கு

வீட்டில் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, வேலைக்கார அம்மா வரவில்லை, நாளைக்கு மட்டும் விடட்டுமா என்று கேட்பார்கள். 11,000-ஐ 22-ஆல் வகுத்தால் 500. ஆனால் நாளுக்கு 750-க்குக் கீழே வேண்டாம். புதுக் குழந்தை முதல் நாள் முழுக்க அழும். ஓர் ஆள் அதற்கே போய்விடும். என்ன சாப்பிடும், எது ஒத்துக்கொள்ளாது, யார் வந்து அழைத்துப்போவார்கள் என்பதெல்லாம் தெரியாது. ஏற்கெனவே ஒரு வாரமாவது வந்து பழகிய குழந்தைக்கு மட்டும், காலி இடம் இருந்தால் மட்டும். இதை நம்பி மாதத்தை ஓட்ட முடியாது.

## ஒரே பார்வையில்

| | மாதக் கட்டணம் | மணிக்கணக்கு | அரை நாள் ரேட் | நாள் கணக்கு |
|---|---|---|---|---|
| உதாரணத் தொகை | 11,000 | மணிக்கு 100 | 7,000 | நாளுக்கு 750 |
| மாத வரவு நிச்சயமா? | நிச்சயம் | இல்லை | நிச்சயம் | இல்லவே இல்லை |
| வராத நாள் நஷ்டம் | பெற்றோருக்கு | உங்களுக்கு | பெற்றோருக்கு | உங்களுக்கு |
| நாளை எத்தனை பேர் தெரியுமா? | தெரியும் | தெரியாது | ஸ்கூல் லீவு தவிரத் தெரியும் | தெரியாது |
| கணக்கு வேலை | மிகக் குறைவு | தினமும் நோட்டு | குறைவு | சுமார் |
| வாக்குவாதம் எங்கே | லீவுக் கழிவு, காய்ச்சல் | வந்த நேரம், போன நேரம் | ஸ்கூல் லீவு | பெரும்பாலும் இல்லை |
| எப்போது சரி | ஆயா, வாடகை இருந்தால் | இரண்டு மூன்று குழந்தை, சொந்த வீடு | முழு நாள் இடம் நிரம்பிய பின் | பழகிய குழந்தை, காலி இடம் |

## லேட் பிக்கப்

எந்த முறையிலும் மாலை ஆறு மணிப் பிரச்சினை உண்டு. "அக்கா, பள்ளிக்கரணை தாண்டலை, ஒரு பத்து நிமிஷம்." அந்தப் பத்து நிமிஷத்தில் ஆயாவின் பஸ் போய்விடும்.

அபராதம் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்து டே கேர்களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆறு டே கேர்களில், பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) அபராதம் போட்டார்கள். தாமதமாக வருகிறவர்கள் கூடினார்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்காக. அபராதத்தை நிறுத்திய பிறகும் அது குறையவில்லை. அந்த டே கேர்களின் மாதக் கட்டணம் 1,400 ஷெக்கல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 10 ஷெக்கல் யாருக்கும் உறைக்கவில்லை. அதைக் கட்டினால் தாமதிக்கலாம் என்று ஆகிவிட்டது.

நம் ஊரிலும் 50 ரூபாய் ஃபைன் போட்டால் அதேதான் நடக்கும். நான் சொல்வது இரண்டு வகை. ஆறே காலுக்கு மேல் அரை மணிக்கு 200. அதில் பாதி ஆயாவுக்குப் போகிறது என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். தினமும் தாமதிக்கிறவர்களுக்கு ஏழு மணி வரை மாதம் 2,000 கூடுதல் என்று முறையாகவே விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் நிம்மதியாக வருவார், ஆயாவும் தன் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பார்.

## என் தேர்வு

வாடகையும் ஆயாவும் இருக்கும் டே கேர் என்றால் முதல் ஆறு இடம் மாதக் கட்டணத்துக்கு. மீதி இரண்டு இடம் ஸ்கூல் முடித்து வருகிறவர்களுக்கு. நாள் கணக்கு, பழைய குழந்தைகளுக்கு மட்டும். மணிக்கணக்கு, ஆறு மணிக்கு மேல் தவிர வேறெங்கும் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் வருகிறோம் என்பவர்களுக்கு மூன்று நாளையும் நிரந்தரமாக்கி, முழு நாள் கட்டணத்தில் முக்கால் பங்கு கேளுங்கள். செவ்வாய்க்குப் பதில் வியாழன் என்று மாற்றிக்கொள்ளும் வசதி அதில் கிடையாது.

சாப்பாட்டைக் கட்டணத்துக்குள்ளேயே வையுங்கள். தனியாக வைத்தால் எட்டு டப்பா, எட்டுச் சூடு, "ஏன் மிச்சம் வெச்சிருக்கான்?" என்று எட்டு விசாரணை. கைக்குழந்தைக்கு மட்டும் வீட்டிலிருந்து வரட்டும். உடன்பிறந்த இரண்டாவது குழந்தைக்குத் தள்ளுபடி கொடுப்பதென்றால் பத்து சதவீதத்தோடு நிறுத்துங்கள்; அதுவும் ஓர் இடம்தான். ஜிஎஸ்டி பற்றிக் கவலைப்பட வேண்டாம். எட்டு இடமும் முழு நாளாக நிரம்பினாலும் வருஷத்துக்குப் பத்தரை லட்சம் சொச்சம்தான். சேவைத் தொழிலுக்குப் பதிவு வரம்பு 20 லட்சம். வருமான வரிக் கணக்கு மட்டும் தாக்கல் செய்துவிடுங்கள்.

இப்போது மணிக்கணக்கிலோ பழைய தொகையிலோ நடத்திக்கொண்டிருந்தால் மாற்ற நல்ல நேரம் ஜூன். பெற்றோர் அப்போது எல்லா ஃபீஸும் ஏறும் என்று எதிர்பார்த்தே இருப்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்:

"வணக்கம். ஜூன் 1 முதல் முழு நாள் கட்டணம் மாதம் 11,000 (பால், ஸ்நாக்ஸ், மதியச் சாப்பாடு உட்பட). விடுமுறைப் பட்டியலும் விதிமுறைகளும் இத்துடன் இருக்கின்றன. தொடர்வதாக இருந்தால் ஏப்ரல் 30-க்குள் சொல்லுங்கள், உங்கள் இடத்தை வைத்திருக்கிறேன்."

விலைவாசி, ஆயா சம்பளம் என்று காரணம் அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பேரம் வரும். பதில் வராதவர்களிடம் நேரில் கேளுங்கள். காலையில் குழந்தையை விடும்போது வேண்டாம், அவர்களுக்கு அப்போது கேப் காத்திருக்கும். சனிக்கிழமை பத்து மணிக்கு போன் செய்தால் நிதானமாகப் பேசுவார்கள்.